புளியஞ்சோலையில் ஒரு கூக்குரல்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு சனிக்கிழமையன்று புளியஞ்சோலைக்குச் சென்று வந்தோம். கொல்லிமலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நாமக்கல் பக்கத்திலிருந்தே மலையேறுவர். காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டு, அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் பார்த்துத் திரும்புவர். நாம் சென்றது மலையின் மறுபுறம். திருச்சியிலிருந்து மண்ணச்சநல்லூர், துறையூர், உப்பிலியபுரம் வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால், சாலை மலையடியில் வந்து நின்றுவிடுகிறது. அப்பால் காடு, காட்டைக் கிழித்துக்கொண்டு வரும் ஆறு. மேலே ஆகாய கங்கையாக விழுந்த நீர்தான் இங்கே பாறைகளுக்கிடையே அய்யாறாகப் பாய்ந்து, கீழ்நாட்டு வயல்களுக்கும் அப்பால் காவிரியை நோக்கியும் செல்கிறது. பெயரில் புளி இருந்தாலும் தண்ணீர் இனிக்கும் என்றார் வண்டியோட்டி வந்த அன்பர். உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தோம். அவர் சொன்னதில் மிகையில்லை.

நம்முடன் வந்தவர்கள் 32 பேர். கன்னியர் சபை ஒன்றின் சிறு மருத்துவமனையைச் சேர்ந்த செவிலியர், ஆய்வுக்கூடப் பணியாளர், மருந்தகத்துப் பெண்கள், துப்புரவுப் பணியாளர், சமையற்கட்டு அம்மாள், இவர்களுக்கெல்லாம் தாய் போன்ற தலைமைச் செவிலியாகிய அருட்சகோதரி. அம்மருத்துவமனை நோயாளருக்கு வாரந்தோறும் நற்கருணை கொண்டு செல்லும் உரிமையில் நமக்கும் வண்டியில் ஓர் இடம் கிடைத்தது. செப்டம்பர் 17ஆம் நாளை உலக நோயாளர் பாதுகாப்பு நாளாக உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் கொண்டாடச் செய்து வருகிறது. இவர்களும் அன்று சுவரொட்டி எழுதி, உறுதிமொழி எடுத்து, லட்டு வழங்கிச் சிறப்பாக நடத்தியிருந்தார்கள். அந்த உழைப்புக்குப் பரிசாக இந்த ஒருநாள் உலா.

துறையூரைத் தாண்டியதும் மலை கண்ணுக்குத் தென்படத் தொடங்குகிறது. முதலில் நீலக் கோடு. பிறகு கரும்பச்சைச் சுவர். இறுதியில் மரம் மரமாகப் பிரிந்து தெரியும் காடு. சாலையின் இருமருங்கிலும் சின்ன வெங்காயக் கொல்லைகளும் வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் மாறி மாறி வந்தன. வண்டி நின்ற இடத்தில் இரண்டு மூன்று கடைகள். மலை வாழைப்பழம், அவித்த கடலை, தேநீர். அவற்றைத் தாண்டி இறங்கினால், ஆற்றுப் படுகை முழுவதும் யானை படுத்தாற்போன்ற பாறைகள். அவற்றின் இடுக்கில் முழங்காலளவு நீர். சில இடங்களில் மடு. அங்கே ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீர் பளிங்கு போலத் தெளிந்திருப்பதால், இரண்டாள் ஆழத்திலுள்ள கூழாங்கல்லும் எட்டிப் பிடிக்கும் தொலைவில் கிடப்பதாகத் தோன்றும். நீச்சல் தெரிந்தவர்களும் ஏமாந்துபோவது இங்கேதான் என்றார்கள்.

நண்பகலில் ஆற்றங்கரையில் அமர்ந்து உணவருந்தினோம். சமையற்கட்டு அம்மாள் கொண்டுவந்தது புளிச்சோறு; இடத்துக்குப் பொருத்தம் என்று எல்லோரும் சிரித்தார்கள். மலையிலிருந்து வாழைத்தார் சுமந்து இறங்கிய முதியவர் ஒருவர் நம் அருகில் இளைப்பாற அமர்ந்தார். இந்த ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறினால் அறப்பளீசுவரர் கோயில் பக்கம் சேரலாமாம். ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டங் கூட்டமாக ஏறுவார்களாம். அவருடைய இளமையில், பிரசவம் சிக்கலானால் கம்பளியில் தூளி கட்டி, நால்வர் தோள்மாற்றி, இதே வழியாகத்தான் இறக்குவார்களாம். “பாதி வழியில முடிஞ்சு போனதும் உண்டு, சாமி” என்று சொல்லிவிட்டு, இலையில் வைத்த சோற்றை அமைதியாக உண்டார்.

அவர் சென்றபின் இளம் செவிலியருக்கு அம்மலையின் பழங்கதை ஒன்றைச் சொன்னோம். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் மணம் முடித்து, இம்மலை மேல் வந்து குடியேறினர். அவர்கள் பாப்திஸ்து சபையினர், நம் சபையாரல்லர். ஆனால் மலைவாழ் மக்கள் சுரத்தில் வாடியபோது அவர்கள் சபை பார்த்து மருந்து கொடுக்கவில்லை. நாமும் சபை பார்த்துப் புகழைச் சுருக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் நரம்புச் சிலந்தி என்னும் புழுநோய் அங்கே மிகுதி. கால் கொப்புளத்திலிருந்து நீண்ட புழுவைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்து போகாமல் நாட்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அதைப் பொறுமையாகச் செய்தார். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. புண்ணுள்ள காலோடு மக்கள் நீர்நிலையில் இறங்கி நின்று மொண்டு குடிப்பதனால்தான் நோய் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதை அறிந்து, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பச் செய்தார். புழுவை எடுத்தது மருத்துவம். சுவர் எழுப்பியது பாதுகாப்பு. 1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலைச் சுரத்தின் கொடிய வகை ஒன்றால் அவர் இறந்தார். மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைமக்களை விட்டு அகலாமல் 1974 வரை வாழ்ந்தார். அவர்களுடைய மகனைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்ட களைப்பில் சிலர் பாறைகளில் சாய்ந்திருந்தனர். பயிற்சிச் செவிலியர் நீரில் கால் நனைத்துப் பாடிக்கொண்டிருந்தனர். வானம் தெளிவாகத்தான் இருந்தது. மலை உச்சியில் மட்டும் சிறிது கருக்கல். திடீரென்று, “தண்ணி வருது! ஏறு, ஏறு, எல்லாரும் ஏறு!” என்று கூக்குரல் கேட்டது. குரல் கொடுத்தவன் தேநீர்க் கடைக்கார அம்மாளின் மகன், பத்து வயதிருக்கும். அடுத்த கணம் ஆற்றில் துணி துவைத்தவர்கள், குளித்தவர்கள், மீன் தூண்டில் போட்டவர்கள் அனைவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் கரையேறினர். சோப்பும் துணியும் அப்படியே பாறைமேல் கிடந்தன. நம் பெண்கள் விழித்து நிற்க, முன்பின் தெரியாத ஒருவர் அவர்கள் கையைப் பற்றி மேலே இழுத்துவிட்டார். நாமும் செருப்பை விட்டுவிட்டு ஏறினோம்.

கால் மணி நேரம் காத்திருந்தோம். நீர் சற்றே கலங்கியது, சில சருகுகளும் ஒரு காய்ந்த கிளையும் மிதந்து சென்றன, நான்கு விரற்கடை உயர்ந்தது, பின்பு தணிந்தது. வெள்ளம் வரவில்லை. பயிற்சிச் செவிலி ஒருத்தி கலகலவென்று சிரித்து, “ஏமாத்திட்டான்!” என்றாள். சிறுவன் நாணித் தலை குனிந்தான். ஆனால் ஊரார் ஒருவரும் சிரிக்கவில்லை. துணி துவைத்த பெண்மணி போகிற போக்கில் அவன் தலையைத் தடவிவிட்டு மீண்டும் ஆற்றில் இறங்கினார். அவனுடைய தாயோ ஒரு முறுக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

நாம் அந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம். “மலை மேல மழை பெய்யறது கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியாது, சாமி. தண்ணி நிறம் மாறும், சருகு வரும். யாரு மொதல்ல பாக்கிறாங்களோ அவங்க கத்தணும். பெரியவரு பாக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா அவ்வளவுதான்” என்றார். பொய்க் குரலாகப் போனால் திட்டமாட்டீர்களா என்று கேட்டோம். “திட்டினா அடுத்த தடவ கத்துவானா?” என்று நம்மையே திருப்பிக் கேட்டுவிட்டுத் தேநீர் ஆற்றத் தொடங்கினார்.

அருட்சகோதரி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, “நம்ம வார்டில் ஒரு பயிற்சிப் பிள்ளை இப்படிக் கத்தியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், சாமி?” என்றார். விடை அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இனி எழுதப் போவதை இம்மாத இதழில் எழுதலாமா என்று பல நாள் தயங்கினோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில் பங்குப் பணி செய்தபோது, ஒரு மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் நமக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். ஊர்ப் பெயரும் மருத்துவமனைப் பெயரும் இங்கே வேண்டா. அங்கே ஓரிரவு இருபத்து மூன்று வயதுச் செவிலி ஒருவர், பொடியாக வரும் ஊசி மருந்தைக் கரைப்பதற்குச் சுத்திகரித்த நீர்க் குப்பியை எடுத்தார். ஊசிக்குழலில் உறிஞ்சியபின் வெறுங் குப்பியை விளக்கருகே பிடித்துப் பார்த்தால், அது நீரன்று; பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தட்டு. பொட்டாசியம் உடலுக்கு இன்றியமையாத உப்புத்தான். பெரிய புட்டியில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினால் மருந்து. கலக்காமல் நேரே இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

அவர் அதைக் கொட்டிவிட்டு, சரியான குப்பியை எடுத்துக் கரைத்துப் போட்டார். நோயாளிக்கு எள்ளளவும் தீங்கு நேரவில்லை. பார்த்தவரும் எவருமில்லை. ஆயினும் காலையில் தாமாகவே மேற்பார்வைச் செவிலியிடம் சென்று நடந்ததைச் சொன்னார். தாழ்வாரத்தில் நின்ற நோயாளியின் மைத்துனர் காதில் அது விழுந்தது. ஒன்பது மணிக்குள் வாசலில் ஐம்பது பேர் கூடிவிட்டனர். அவர்களுள் பலர் நம் பங்கு மக்கள். ஞாயிறு திருப்பலியில் முன் வரிசையில் நிற்பவர்கள். அன்று மாலை குழு கூடியது. கூட்டத்தைத் தணிக்க வேண்டும், மருத்துவமனையின் நற்பெயரைக் காக்க வேண்டும் என்பதே பேச்சு. அந்தப் பெண்ணிடம் விளக்கக் கடிதம் வாங்கினோம்; வாசித்தோம்; கோப்பில் வைத்தோம். பணி நீக்கக் கடிதத்தை எழுதியது நாமே. நம் எழுத்துத் தெளிவாயிருக்கும் என்று அவ்வேலையை நமக்குக் கொடுத்திருந்தார்கள். குழுவில் ஐவர் இருந்தோம். ஒருவராவது எழுந்து சென்று அந்த மருந்துத் தட்டைப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டறிக்கையில், அவ்வாண்டு தவறு ஒன்றும் பதிவாகவில்லை என்று நாமே வாசித்தோம். கை தட்டினார்கள்.

இரண்டாண்டு கழித்து அதே பிரிவில் மீண்டும் குப்பி மாறியது. இம்முறை எவரும் விளக்கருகே பிடித்துப் பார்க்கவில்லை. ஆறு வயதுப் பெண் குழந்தை. அடக்கச் சடங்கை நாமே நிறைவேற்றினோம். பிறகு விசாரித்தபோது, இடையில் மூன்று முறை இதே குப்பிகள் மாறியிருந்ததும், மூவரும் கண்டுகொண்டு கொட்டிவிட்டு வாய் திறவாதிருந்ததும் வெளிப்பட்டன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். அவர்களுள் ஒருத்தி நம்மை நிமிர்ந்து பார்த்து, “போன அக்கா சொன்னாங்களே, சாமி” என்றாள். பழைய கோப்பைத் தேடி எடுத்தோம். விளக்கக் கடிதத்தின் கடைசி இரு வரிகளில், அவ்விரு குப்பிகளையும் வெவ்வேறு அலமாரியில் வைக்குமாறு அந்தப் பெண் பணிவோடு கேட்டிருந்தார். அதை வாசித்ததற்கு அடையாளமாக ஓரத்தில் நம் சுருக்கொப்பம் இருந்தது.

இதைப் பாறைமேல் அமர்ந்து அவர்களிடம் சொல்லி முடித்தபோது எவரும் பேசவில்லை. ஆற்றின் ஓசை மட்டும் கேட்டது. அமைதி நீளவே, முன்பு பாதியில் விட்ட மகனின் கதையைத் தொடர்ந்தோம்.

1914இல் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்திக் கொடுத்தவர் என்று உலகம் அவரைப் புகழும். அவர் கண்ட மற்றோர் உண்மை அதைவிடப் பெரியது என்போம். தொழுநோயாளியின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தனர். பாலோ ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். ஒருவருக்குச் சுடு பாத்திரம், ஒருவருக்கு இறுகிய பூட்டின் சாவி, ஒருவருக்கு விளக்கின் சுவாலை. நரம்பு செத்துவிட்டதால் நோவு தெரியவில்லை. நோவு தெரியாததால் கை விலகவில்லை. எனினும் சிலருக்கு இரவில் விரலின் ஒரு பகுதி காணாமற் போவதற்கு மட்டும் காரணம் புலப்படவில்லை. இரவில் விழித்திருந்து காத்தபோது, ஓர் எலி வந்து, உறங்குபவரின் விரலைக் கொறிப்பது தெரிந்தது. அவர் அசையவும் இல்லை. அதன்பின் அந்த நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. வீடு திரும்புவோரும் பூனையோடு சென்றனர். எலிக்கு இரையான விரலுக்காக நோயாளியைக் கடிந்துகொள்ளலாம், நோயைச் சபிக்கலாம். பால் செய்ததோ விழித்திருந்து பார்த்தது. நோவு என்பது கடவுள் உடலில் வைத்த காவற்காரன் என்று அவர் 2003இல் இறக்கும் வரை சொல்லியும் எழுதியும் வந்தார்.

சமையற்கட்டு அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். “அப்ப அந்தப் பொண்ணுதான் சாமி ஆஸ்பத்திரிக்கு நோவு. நீங்க நோவை வெட்டி எறிஞ்சுட்டீங்க” என்றார். இருபது ஆண்டுகளாக நாம் தேடிய சொற்களை அவர் புளிச்சோற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

இத்தகைய குருட்டுத்தனம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. வியன்னா நகரப் பெருமருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதற் பிரிவில் 1846இல் 100 தாய்மாருக்கு 11 பேர் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. செம்மெல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணம் தேடித் தவித்தார். முதற் பிரிவில், மரணத் தறுவாயில் இருப்போருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வரும் குருவானவர், மணி ஒலிக்கப் பல அறைகளைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அந்த மணியோசையின் அச்சமே தாய்மாரைக் கொல்கிறதோ என்று ஐயுற்று, குருவானவரை மணியின்றிச் சுற்று வழியில் வரக் கேட்டுக்கொண்டார். அவரும் இணங்கினார், பயன் விளையவில்லை. (தம்மீதும் ஐயம் வரலாம் என்று ஒப்புக்கொண்டு வழியை மாற்றிக்கொண்ட அந்தப் பெயர் தெரியாத குருவானவரை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு.) பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளோடு மாணவர்களும் மருத்துவர்களும் தாய்மாரைத் தொடுவதே காரணம் என்று 1847இல் தெளிந்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். 1848இல் சாவு 100க்கு 2 பேருக்கும் கீழே இறங்கியது. தம் கையும் அத்தாய்மாரைக் கொன்றிருக்கிறது என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மற்ற மருத்துவர் பலரால் அதைப் பொறுக்க முடியவில்லை. 1865இல் அவர் மனநோய் விடுதியில் இறந்தார்.

நம் திருச்சபையிலும் முன்மாதிரி உண்டு. மருத்துவமனைகளின் பாதுகாவலராகிய புனித கமில்லுஸ், உயிர் இருக்கும்போதே சிலர் புதைக்கப்படுவதை அறிந்து, மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்பும் கால் மணி நேரம் செபித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், உடனே முகத்தை மூடலாகாது என்று தம் துறவியருக்குக் கட்டளையிட்டார் என அவர் வரலாறு கூறுகிறது. அவர் இறந்தது 1614இல். 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை அறைகளுக்கென்று 19 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்தது. மயக்க மருந்துக்கு முன் ஒருமுறை, கத்தி வைக்குமுன் ஒருமுறை, நோயாளியை வெளியே கொண்டு செல்லுமுன் ஒருமுறை எல்லோரும் கைவேலையை நிறுத்தி, இவர் யார், எந்த உறுப்பு, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்ததில், அறுவைக்குப் பின் இறந்தோர் 100க்கு 1.5 என்றிருந்தது 0.8 ஆகக் குறைந்தது. புதிய கருவியோ விலையுயர்ந்த மருந்தோ இல்லை. ஒரு தாளும் சிறிது பொறுமையுமே. அப்பட்டியலில் நமக்குப் பிடித்தது, அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விதி. ஒருமுறை வாய் திறந்தவர் மறுமுறை திறக்க அஞ்சமாட்டார்.

நம் மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் சாவையும் தமிழ்நாடு 1990களிலிருந்தே தனித்தனியாக ஆராய்ந்து வருகிறது. எங்கே தாமதம், எந்த வண்டி வரவில்லை, எங்கே இரத்தம் கிடைக்கவில்லை என்று கேட்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் முன் இறந்தவரின் குடும்பத்தாரும் வந்து தாம் கண்டதைச் சொல்ல இடமுண்டு. 2001 முதல் 2003 வரையிலான கணக்கில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் 54. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சாவை மறைக்காமல் எண்ணியது அவற்றுள் ஒன்று.

வருந்தத்தக்க எடுத்துக்காட்டும் உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நினைவிருக்கும். அந்தத் தவறு எப்படி வெளிப்பட்டது? இரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தம் நிலையை அறிந்ததும், தாமே வந்து சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றியாகிவிட்டது. முன்பே அவருடைய இரத்தத்தில் கிருமி தெரிந்தும் அவருக்கு அது எட்டவில்லை என்பது பிறகு தெரிந்தது. குற்றம் அவருடையதன்று. ஆயினும் அவமானம் தாளாமல் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, அம்மாத இறுதியில் மதுரையில் இறந்தார். பிறந்த குழந்தைக்குக் கிருமி தொற்றவில்லை எனப் பின்னர்த் தெரிந்தது. அந்தக் குழந்தைக்காக மகிழ்ந்த நாம், உண்மை சொல்ல ஓடிவந்த அந்த இளைஞருக்காக எத்தனை பேர் ஒரு செபம் சொன்னோம்?

இதழைப் படிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். நம்மில் பெரும்பாலோர் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருப்பவர்கள். வீட்டில் உட்கொள்ளும் மாத்திரைகளை, நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முன்பு ஒவ்வாத மருந்து எதுவென்று கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். செவிலி மூன்றாம் முறையும் பெயர் கேட்டால், “எத்தனை தடவை சொல்வது?” என்று சலித்துக்கொள்ள வேண்டா, அவர் தம் வேலையைச் சரியாகச் செய்கிறார். கை கழுவினீர்களா என்று மருத்துவரைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. மேலும், “தவறு நடந்துவிட்டது, அம்மா” என்று ஒருவர் தாமே வந்து சொன்னால், தெருவைக் கூட்டாதீர்கள். வேண்டுமென்றே ஏமாற்றுபவனையும் குடித்துவிட்டு வேலைக்கு வருபவனையும் விட்டுவிடச் சொல்லவில்லை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. இழப்புக்கு வழக்குத் தொடுக்க எவருக்கும் உரிமை உண்டு. நாம் சொல்வது மற்றவரைப் பற்றி: களைத்த கண்ணோடு, ஒரே நிறக் குப்பிகளுக்கு முன், இரவு மூன்று மணிக்கு நிற்பவரைப் பற்றி.

மாலை நான்கரைக்குப் புறப்பட்டோம். வண்டி ஏறுமுன் அருட்சகோதரி தேநீர்க் கடைக்குச் சென்று அந்தச் சிறுவனுக்கு ஒரு பேனா கொடுத்தார். முன்பு சிரித்த பயிற்சிச் செவிலியும் உடன் சென்று அவனிடம் ஏதோ சொன்னாள்; என்னவென்று நாம் கேட்கவில்லை. துறையூர் வரும்வரை வண்டியில் பாட்டு இல்லை. அங்கே தேநீருக்கு நின்ற பிறகுதான் பாடத் தொடங்கினார்கள்.

அடுத்த வாரம் நற்கருணை கொண்டு சென்றபோது, பொட்டாசியக் குப்பிகள் பிரிவுகளிலிருந்து அகற்றப்பட்டு மருந்தகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. செவிலியர் அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம், கயிற்றில் கட்டிய பேனாவோடு தொங்கியது. நடக்கவிருந்த தவறுகளை எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. முதற் பக்கத்தில் மட்டும் பெயர் இருந்தது. ஒரே பெயர் கொண்ட இரு நோயாளிகளின் சீட்டை மாற்றிக் கொடுக்க இருந்ததாக அருட்சகோதரியே எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

பணி நீக்கப்பட்ட அந்தச் செவிலி இப்போது அயல்நாட்டில் வேலை பார்ப்பதாக அவருடைய உறவினர் வழியாக அறிந்தோம். முகவரி வாங்கி, மூன்று பக்கம் கடிதம் எழுதினோம். எழுதியது இம்முறையும் நாமே, யாரும் பணிக்கவில்லை. அஞ்சலில் சேர்த்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. பதில் இன்னும் வரவில்லை.